பிரேக் புடிச்சா முன்னாடி 'டக்'னு சத்தம், லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கான்னு வீட்லயே எப்படி பாக்கறது?

கட்டபெட்டு_டீசல்:

எல்லாருக்கும் வணக்கங்க. வண்டி ஒரு டீசல் ஹேட்ச்பேக், 2014 மாடல், 1,20,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. முன்னாடி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்தது), பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற பீம்). வீடு கட்டபெட்டு பக்கம், வேலை குன்னூர்ல, அதனால தினமும் மலை ரோடுதான், அதுபோக அம்மாவ செக்கப்புக்கு கூட்டிட்டு கோத்தகிரி வழியா கோயம்புத்தூர் எறங்க வேண்டியிருக்கு.

பிரச்சனை என்னன்னா, எறக்கத்துல வளைவுக்கு முன்னாடி பிரேக்க மிதிச்சா இடது முன் சக்கரம் பக்கம் ஒரே ஒரு 'டக்', பிரேக்க விட்டா திரும்ப ஒரு 'டக்'. வீட்டு வாசல்ல ரிவர்ஸ் எடுத்து நிப்பாட்டி ஃபர்ஸ்ட் போட்டு கெளம்பும்போதும் அதே சத்தம். காலைல பனி நேரத்துல ஸ்பீட் பிரேக்கர் ஏறினா கிரீச்னு வேற கேக்குது, வெயில் ஏறினா கிரீச் மட்டும் போயிடுது, டக் போகல. நேர் ரோட்ல கொஞ்சம் அழுத்தி பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் லேசா இடது பக்கம் இழுக்குது.

கீழ ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். வண்டிய லிஃப்ட்ல ஏத்தாமயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு ஷாக் ரெண்டு, லோயர் ஆர்ம் ரெண்டு, லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட்னு எல்லாத்தையும் சேத்து எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. எது போயிருக்குன்னு கேட்டா "எல்லாமே வயசாயிடுச்சு சார்"ங்கறாங்க. செலவு பண்ண மாட்டேன்னு சொல்லல, அம்மாவ ஒக்கார வச்சு எறங்கற வண்டி, போனத மாத்தியே ஆகணும். ஆனா எது போயிருக்குன்னு என் கண்ணால பாத்துட்டுதான் மாத்தணும்னு இருக்கேன்.

கையில ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்ட், வீல் ஸ்பேனர், நெம்புறதுக்கு ஒரு கம்பி, நல்ல டார்ச் இருக்கு. புஷ் எப்படி இருந்தா நல்லது, எப்படி இருந்தா போச்சு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஹில்ரைடர்:

ப்ரோ ஷாக்தான் போயிருக்கும். நம்ம ரோட்ல இவ்வளவு கிலோமீட்டர் ஓடினா எந்த ஷாக்கும் நிக்காது. ரெண்டையும் மாத்துங்க சத்தம் போயிடும், எனக்கு அப்படித்தான் போச்சு.


குன்னூர்_பட்டறை:

தம்பி ஷாக்குக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. ஹில்ரைடர் தம்பி வண்டியில ஷாக் போயிருக்கலாம், ஆனா உங்க சத்தம் குழியில வரல, பிரேக்குல வருது, அது பெரிய வித்தியாசம். ஷாக் போச்சுன்னா குழியில ஏறி எறங்கினதும் வண்டி அடங்காம ஆடிக்கிட்டே இருக்கும், ஷாக் உடம்புல எண்ணெய் கசிஞ்சு மண்ணு ஒட்டியிருக்கும், டயர் அங்கங்க பள்ளம் பள்ளமா தேஞ்சிருக்கும். பிரேக் புடிச்சா ஒண்ணு, விட்டா ஒண்ணு, ரிவர்ஸ்ல இருந்து ஃபர்ஸ்டுக்கு வந்தா ஒண்ணுன்னா சக்கரம் முன்ன பின்ன நகருதுன்னு அர்த்தம். சக்கரத்த முன்ன பின்ன நகராம புடிச்சு வைக்கறது லோயர் ஆர்ம், அந்த ஆர்ம புடிச்சு வைக்கறது புஷ், அதாவது வெளி வளையத்துக்கும் உள்குழாய்க்கும் நடுவுல ரப்பர் வார்த்த உருளை.

இந்த மாதிரி வண்டிங்கள்ல பெரும்பாலும் லோயர் ஆர்ம் எல் வடிவத்துல இருக்கும். வெளி முனையில பால் ஜாயின்ட் (சக்கரத்தோட சேர்ற உருண்டை மூட்டு), உள்பக்கம் ரெண்டு எடத்துல புஷ். முன் புஷ் சின்னது, கெட்டியானது, வளைவுல வண்டி பக்கவாட்டுல தள்றத அதுதான் தாங்கும். பின் புஷ் பெருசு, மெத்துனு இருக்கும், ரப்பர்லயே நடுவுல வேணும்னே சந்து விட்டு வார்த்திருப்பாங்க. பிரேக் புடிக்கும்போது சக்கரம் பின்னால தள்ற தள்ளு பெரும்பாலும் பின் புஷ்ஷுக்குத்தான் போகும். இப்ப நீங்களே யோசிங்க, கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதுக்குள்ள 1,400 மீட்டருக்கு மேல எறங்கறோம், வண்டியோட எடை முன்னாடி சாஞ்சே இருக்கும், வளைவுக்கு வளைவு பிரேக். கீழ பைபாஸ்ல ஓடுற வண்டியோட புஷ்ஷும் நம்ம வண்டி புஷ்ஷும் மீட்டர்ல ஒரே கிலோமீட்டர் காட்டினாலும் ஒரே வேலை பாத்திருக்காது. என் பட்டறைக்கு வர்ற மேல் ஊர் வண்டிங்கள்ல முன் புஷ் நல்லா இருந்து பின் புஷ் கிழிஞ்சு வர்றதுதான் அதிகம்.

முதல்ல ஜாக்கி எடுக்காதீங்க. சக்கரம் தரையில இருக்கும்போதே பாதி தெரிஞ்சுரும். நம்ம ஊர்ல சமதளம் கெடைக்கறது கஷ்டம்னு தெரியும், ஆனாலும் தேடிப் புடிங்க, பள்ளிக்கூட கிரவுண்டோ கோயில் முன்னாடி இருக்கற எடமோ. இஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது போன்ல டார்ச்ச போட்டு வீடியோ ஓடவிட்டு இடது முன் சக்கரத்துக்கு பின்னாடி, டயர் ஓடுற பாதைக்கு வெளிய, ஆர்மோட பின் புஷ் தெரியற மாதிரி கல்லுல சாய்ச்சு வைங்க. அப்புறம் ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர ஒக்கார வச்சு ஃபர்ஸ்ட்ல ரெண்டு அடி முன்னாடி போய் பிரேக், ரிவர்ஸ்ல ரெண்டு அடி பின்னாடி வந்து பிரேக், மெதுவாத்தான். நீங்க பக்கவாட்டுல தள்ளி நின்னு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல உள்ள எடைவெளிய பாருங்க, வண்டிக்கு முன்னாடியோ பின்னாடியோ யாரும் நிக்கக்கூடாது. நல்ல புஷ்ஷுலயும் கொஞ்சம் அசைவு இருக்கும், அது ரப்பர், அதோட வேலையே அதுதான். ஆனா அசைஞ்சு போய் ஒரு எடத்துல டக்னு முட்டி நிக்குதா, வலது பக்கத்த விட இடது பக்கம் கூட போகுதா, அத பாருங்க. ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாக்காம புஷ் போச்சுன்னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க.

இதே சத்தத்த வேற ரெண்டு எடமும் குடுக்கும். ஒண்ணு இஞ்சின் மவுண்ட். பிரேக்க தொடாம ஆக்ஸிலரேட்டர படக்குனு குடுத்து படக்குனு விட்டா சத்தம் வருதுன்னா அந்தப் பக்கம் பாக்கணும். இன்னொண்ணு பிரேக் பேட் காலிபர்ல லூஸா ஒக்காந்திருந்தா முன்ன பின்ன மாறும்போது டிக்குனு ஒரு தட்டு தட்டும், சத்தம் சின்னதா இருக்கும், ஸ்டீயரிங்க இழுக்காது. உங்களுக்கு இழுக்குதுன்னு சொன்னதாலதான் எனக்கு புஷ் மேல சந்தேகம். புஷ் கிழிஞ்ச பக்கம் பிரேக் புடிச்சா சக்கரம் பின்னால போய் திசையே மாறும், அப்ப வண்டி ஒரு பக்கம் போகத்தான் செய்யும்.

ஜாக்கி போட்டு பாக்கறத ராத்திரி எழுதறேன், இப்ப ஒரு வண்டி கெடக்குது.


கேரட்_லோடு:

பட்டறை அண்ணா சொன்னது அப்படியே சரி. நான் கேத்தியில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு பிக்கப் ஓட்றேன், நம்ம வண்டியில பின்னாடி பட்டை (லீஃப் ஸ்பிரிங்), அதனால பிக்கப் வச்சிருக்கறவங்களுக்கும் சேத்து ஒரு வார்த்தை. பட்டையோட முன் கண்ணுல ஒரு புஷ், பின்னாடி ஷாக்கில்ல, அதாவது பட்டையோட பின் முனைய வண்டிச் சட்டத்தோட இணைக்கற தகட்டுல, மேல கீழ புஷ். முன் கண்ணு புஷ் போச்சுன்னா மொத்த அச்சே முன்ன பின்ன போகும், லோடோட வளைவு திரும்பும்போது பின்பக்கம் ஒரு நொடி தாமதமா தூக்கிப் போடற மாதிரி இருக்கும், காலி வண்டியில தெரியவே தெரியாது. அதனால லோடு ஏத்தினதுக்கு அப்புறம் குனிஞ்சு பாருங்க. ரெண்டு பக்கமும் ஷாக்கில் ஒரே சாய்வுல இருக்கா, புஷ் பிதுங்கி ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு வெளிய வந்திருக்கா, பட்டை கண்ணு ஷாக்கில் தகட்டுல ஒரசி பளபளன்னு கோடு விழுந்திருக்கா. இரும்பு மேல துரு இல்லாம பளிச்சுனு ஒரு எடம் இருந்தா அங்க ஏதோ ஒரசுதுன்னு கண்ண மூடிட்டு சொல்லிரலாம், இது காருக்கும் பொருந்தும்.

இன்னொண்ணு ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். மழைக்கு முன்னாடி பழைய இஞ்சின் ஆயில்ல டீசல் கலந்து அடியில பீச்சி விடற பழக்கம் நம்ம பக்கம் இருக்குல்ல, தயவுசெஞ்சு அத ரப்பர் மேல படவிடாதீங்க. ரப்பர் எண்ணெய குடிச்சு உப்பிரும், அப்புறம் கொழகொழன்னு ஆகி பிஞ்சு வரும். நல்ல புஷ்ஷ நாமளே காலி பண்றோம்.


மஞ்சூர்_மழை:

நீங்க சொல்றது சரிதான் நண்பா, ஆனா எங்க பக்கம் அடிக்கற மழைக்கு அடியில ஒண்ணும் போடாம விட்டா தகடே மிஞ்சாது. தென்மேற்கு மழை ஆரம்பிச்சா வண்டி காயறதே இல்ல. அப்ப என்னதான் பண்றது? அப்புறம் பாலியூரித்தேன் புஷ் போட்டா ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொல்றாங்களே, அது நெசமா?


குன்னூர்_பட்டறை:

மஞ்சூர் தம்பி, துருவுக்கு மெழுகு மாதிரி காஞ்சு ஒட்டிக்கற அண்டர்பாடி கோட்டிங் அடிங்க, அடிக்கறதுக்கு முன்னாடி புஷ், பிரேக் ஹோஸ், டிஸ்க் எல்லாத்தையும் பாலிதீன் சுத்தி மூடச் சொல்லுங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க. எண்ணெயே வேணும்னா பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல மட்டும் பிரஷ்ல தொட்டு வைங்க, ஸ்பிரே வேண்டாம். பாலியூரித்தேன் பத்தி, அது ரப்பர விட கெட்டி, எண்ணெய்க்கு அசையாது. ஆனா அது ரப்பர் புஷ் மாதிரி இரும்போட ஒட்டி முறுக்கிக்காது, உள்குழாய் மேல சுத்தும், அதனால அதுக்குன்னு உள்ள சிலிக்கான் கிரீஸ் போடணும், காஞ்சா கத்தும். ரோட்டோட அதிர்வும் உள்ள கூட வரும். ஆஃப்ரோடு ஓட்டறவங்க போடட்டும். அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற வண்டிக்கு கம்பெனி ரப்பரே போதும்.

இப்ப கட்டபெட்டு தம்பிக்கு. காலைல வர்ற கிரீச் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பார் (வளைவுல வண்டி ரொம்ப சாயாம புடிக்கற கம்பி) புஷ். குளிர்ல ரப்பர் வெறைச்சுப் போகும், பாருக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல மண்ணு பூந்து காஞ்சிருந்தா கத்தும், வெயில் ஏறினா எளகி அடங்கிரும். ஒரு பாட்டில்ல சோப்புத் தண்ணி கலந்து காலைல அந்த புஷ் மேல மட்டும் பீச்சி வண்டிய அழுத்தி ஆட்டுங்க. சத்தம் நின்னா அதேதான். அது எரிச்சல், ஆபத்து இல்ல. ஆனா பழைய மாருதி 800 வச்சிருக்கறவங்க மட்டும் இத லேசா எடுத்துக்காதீங்க, அதுல ஸ்டெபிலைசர் பார்தான் ஆர்ம முன்ன பின்ன போகாம புடிச்சு வைக்குது, அந்த புஷ் போனா இவரு சொல்ற டக், இழுப்பு எல்லாமே வரும்.

ஜாக்கி விஷயம். பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடி பின்னாடி கல் முட்டு, ஹேண்ட் பிரேக், கியர்ல போட்டு விடுங்க. முன்னாடி தூக்கி ஸ்டாண்ட் வச்சு, வண்டிய ஸ்டாண்ட் மேல எறக்கி, ஒரு தடவ கையால தள்ளிப் பாத்து அசையலன்னா மட்டும் கைய உள்ள விடுங்க. வண்டியோட வர்ற ஜாக்கி டயர் மாத்தறதுக்கு மட்டும்தான், அத மட்டும் நம்பி யாரும் அடியில போகக்கூடாது. சரிவுல இந்த வேலையே வேண்டாம்.

சக்கரத்துல கடிகாரத்துல 12, 6 இருக்கற எடத்துல கைய வச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லி திரும்ப ஆட்டுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா பால் ஜாயின்ட் பக்கம் பாக்கணும். அப்புறம் 9, 3ல கைய வச்சு ஆட்டுங்க, அதுல மட்டும் ஆட்டம்னா டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்க சக்கரத்தோட இணைக்கற மூட்டு) இல்லன்னா ஸ்டீயரிங் ரேக். உங்க ஸ்ட்ரட் வண்டியில ஸ்பிரிங் எடை பால் ஜாயின்ட் மேல ஒக்காராது, அதனால சக்கரம் தொங்கும்போதே பாத்துக்கலாம். ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல ஒக்காந்திருக்கற வண்டின்னா ஆர்முக்கு அடியில ஜாக்கி குடுத்து பாரத்த எடுத்தாத்தான் ஆட்டம் தெரியும், இது ஜீப் வகை வண்டி வச்சிருக்கறவங்களுக்கு.

அடுத்தது புஷ். மண்ண துணியால தொடைச்சிட்டு டார்ச் அடிச்சு பாருங்க. மேலாப்புல முடி மாதிரி சின்னச் சின்ன வெடிப்பு இருக்கும், வெயிலும் வயசும் பண்றது, அத வச்சு மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. நகம் உள்ள போற ஆழத்துக்கு வெடிச்சிருக்கா, ரப்பர் இரும்ப விட்டு பிரிஞ்சு சந்து தெரியுதா, சந்துக்குள்ள துரு பொடி செவப்பா கொட்டியிருக்கா, உள்குழாய் நடுவுல இல்லாம ஒரு பக்கமா சாஞ்சு ஒக்காந்திருக்கா, இதுதான் முக்கியம். வேணும்னே விட்ட சந்துக்கும் கிழிசலுக்கும் குழம்பிறாதீங்க. வார்ப்புல விட்ட சந்து ஓரம் வழவழன்னு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கிழிசலோட ஓரம் பிசிறா இருக்கும். சில வண்டியில பின் புஷ்ஷுக்குள்ள எண்ணெய் நெரப்பியிருப்பாங்க, அந்த வகையில சுத்தி எண்ணெய் வழிஞ்ச தடம் இருந்தாலே புஷ் முடிஞ்சுது.

கடைசியா கம்பி. ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் (ஆர்ம் மாட்டியிருக்கற அடிச் சட்டம்) நடுவுல குடுத்து மெதுவா நெம்புங்க. ரப்பர் நல்லா இருந்தா எதுத்து நின்னு வளைஞ்சு குடுத்து, கம்பிய தளர்த்தினதும் தானா பழைய எடத்துக்கு வரும். போயிருந்தா எதிர்ப்பே இல்லாம சட்டுனு நகர்ந்து இரும்போட இரும்பு முட்டும், கையிலயே தெரியும். பலத்த காட்டாதீங்க, நல்ல புஷ்ஷயும் கிழிக்கலாம், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் மேல கம்பி படாம பாத்துக்கோங்க. இதுக்கெல்லாம் முன்னாடி ஆர்ம் போல்ட் டைட்டா இருக்கான்னு ஒரு தடவ ஸ்பேனர் வச்சு பாத்துருங்க. லூஸ் போல்ட்டும் இதே டக்தான் குடுக்கும், அதுக்கு ஒரு பைசா பார்ட்ஸ் வேண்டாம்.


ஹில்ரைடர்:

அண்ணா இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. என் வண்டியில எண்ணெய் கசிஞ்சிருந்தது, அது ஷாக்தான். அடுத்த லீவுல நானும் புஷ்ஷ பாத்துருவேன். கல்லட்டி வழியா மசினகுடி அடிக்கடி எறங்கறவன், அங்க 36 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியர்ல விட்டாலும் பிரேக் தொடாம எறங்க முடியாது.


கட்டபெட்டு_டீசல்:

அண்ணா பாத்துட்டேன், நீங்க சொன்ன வரிசையிலயே. கிரவுண்டுல தம்பிய ஓட்டவிட்டு வீடியோ எடுத்தோம். வலது பக்கம் பிரேக் புடிச்சா ஆர்ம் லேசா அமுங்கி அமுங்கி நிக்குது, சத்தமே இல்ல. இடது பக்கம் நல்லா ஒரு விரல் அகலத்துக்கு பின்னால போய் முட்டுது, வீடியோலயே அந்த டக் கேக்குது. பிரேக்க தொடாம ஆக்ஸிலரேட்டர் மட்டும் குடுத்து விட்டுப் பாத்தேன், சத்தம் இல்ல.

அப்புறம் ஸ்டாண்ட் போட்டு தொடைச்சு பாத்தேன். போல்ட் எல்லாம் டைட்தான். இடது பின் புஷ்ல வார்ப்பு சந்து மேல வழவழன்னு தெளிவா தெரியுது, அதுல இருந்து கீழ் பக்கம் ஒரு பிசிறு கிழிசல் வெளி வளையம் வரைக்கும் ஓடுது, ஓரத்துல ரப்பர் சின்னச் சின்ன துண்டா பேந்து நிக்குது, உள்ள துரு பொடி. உள்குழாய் நடுவுல இல்ல, பின்னால தள்ளி ஒக்காந்திருக்கு. ஆர்ம் ஓரம் சப்ஃப்ரேம்ல படற எடம் பளபளன்னு தேஞ்சிருக்கு, கேரட்_லோடு அண்ணா சொன்ன அதே பளபளப்பு. கம்பி குடுத்ததும் எதிர்ப்பே இல்லாம நகருது. வலது பக்கம் முடி வெடிப்பு மட்டும், நெம்பினா திரும்ப வந்துருது. முன் புஷ் ரெண்டும் நல்லா இருக்கு. 12, 6 ஆட்டம் ரெண்டு பக்கமும் இல்ல, 9, 3லயும் இல்ல. ஷாக் ரெண்டும் காஞ்சுதான் இருக்கு, கசிவு இல்ல. சோப்புத் தண்ணி அடிச்சதும் கிரீச் நின்னுருச்சு.

ஆக அந்த எஸ்டிமேட்ல முக்கால்வாசி தேவையே இல்ல. இப்ப கேக்க வேண்டியது ரெண்டு விஷயம். புஷ் மட்டும் பிரஸ்ல போடறதா, முழு ஆர்ம் மாத்தறதா? வலது பக்கத்தையும் மாத்தணுமா?


சிங்காநல்லூர்_அலைன்மென்ட்:

நான் கோயம்புத்தூர்ல அலைன்மென்ட் கடை, மேல இருந்து வர்ற வண்டிங்க நெறைய பாக்கறேன், அதனால சொல்றேன்.

உங்க பால் ஜாயின்ட் நல்லா இருக்கு, ஆனா வண்டிக்கு வயசு பத்து தாண்டியாச்சு. பால் ஜாயின்ட் ஆர்மோடயே சேந்து வர்ற மாடல்னா முழு ஆர்ம் வாங்கறது புத்திசாலித்தனம், ரெண்டு புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் ஒரே கூலியில புதுசாயிரும். புஷ் தனியா கெடைக்குது, ஆர்ம் வளையல, துரு தின்னலன்னா பிரஸ்ல போடறதுலயும் தப்பில்ல. ஆனா பிரஸ் இருக்கற எடத்துல மட்டும் குடுங்க, சுத்தியல்ல அடிச்சு எறக்கறவங்ககிட்ட குடுக்காதீங்க, வளையம் கோணினா புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சந்து விட்ட புஷ்ஷுக்கு திசை உண்டு, பழைய புஷ் எந்தக் கோணத்துல ஒக்காந்திருந்ததோ அதே கோணத்துல எறங்கணும், கழட்டறதுக்கு முன்னாடியே ஆர்ம் மேல பெயின்ட்ல ஒரு குறி போட்டுக்கச் சொல்லுங்க. கோணம் மாறிப் போச்சுன்னா மெத்துனு இருக்க வேண்டிய பக்கம் கெட்டியாவும் கெட்டியா இருக்க வேண்டிய பக்கம் மெத்துனும் ஆயிரும், புது புஷ் போட்டும் வண்டி சரியில்லன்னு திரும்ப வர்றாங்க.

ரெண்டு பக்கமும் சேத்தே மாத்துங்க. ஒரு பக்கம் புது ரப்பர், ஒரு பக்கம் எளகின ரப்பர்னா பிரேக் புடிக்கும்போது ரெண்டு சக்கரமும் வேற வேற அளவுல பின்னால போகும், இழுப்பு வலது பக்கம் மாறி வரும். மாத்தினதும் அலைன்மென்ட் கட்டாயம். புஷ் கிழிஞ்ச வண்டிக்கு மாத்தாம அலைன்மென்ட் மட்டும் பாக்கறது வீண் செலவு, மெஷின் மேல நிக்கும்போது ஒரு அளவு காட்டும், ரோட்ல பிரேக் புடிச்சதும் வேற அளவு ஆயிரும்.


கட்டபெட்டு_டீசல்:

ரொம்ப நன்றிங்க. அப்ப ரெண்டு ஆர்மும் முழுசாவே போட்டுடறேன், ஸ்டெபிலைசர் புஷ்ஷும் சேத்து. பட்டறை அண்ணா, உங்ககிட்டயே கொண்டு வரலாமா? நாள் சொன்னா வர்றேன். அதுவரைக்கும் கீழ எறங்கலாமா?


குன்னூர்_பட்டறை:

வாங்க தம்பி, தனி மெசேஜ்ல எடம் அனுப்பறேன். ஆனா ஒரு விரல் அகலம் நகருதுன்னா மேட்டுப்பாளையம் எறக்கம் வேண்டாம், அம்மாவுக்கு செக்கப் இருந்தா பஸ்ஸோ வேற வண்டியோ பாருங்க. கட்டபெட்டுல இருந்து குன்னூர் வர்றதுக்கு மெதுவா செகண்ட்ல, முன்ன போற வண்டிக்கு நல்லா எடம் விட்டு வந்துரலாம், அழுத்தி பிரேக் புடிக்கற மாதிரி வேகத்துல வராதீங்க.

இங்க வந்தாலும் வேற எங்க செஞ்சாலும் ஒண்ண மட்டும் பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க. புது ஆர்ம் மாட்டும்போது புஷ் போல்ட்ட சும்மா கையால புடிக்கற அளவுக்கு விட்டுட்டு, வண்டிய எறக்கி, சக்கரம் தரையில அமுங்கி எடை ஒக்காந்ததுக்கு அப்புறம்தான் கடைசி டைட் குடுக்கணும். சக்கரம் தொங்கும்போதே டைட் வச்சா உள்குழாய் அந்தக் கோணத்துலயே பூட்டிக்கும், எறக்கினதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே நிக்கும், நிக்கற வண்டியிலயே புஷ் கிழிய ஆரம்பிச்சிரும். பிட் இருந்தா குழிக்குள்ள நின்னு சுலபமா செய்யலாம், இல்லன்னா ஆர்ம் பால் ஜாயின்ட் பக்கம் ஜாக்கி குடுத்து எடை ஒக்கார்ற ஒசரத்துக்கு தூக்கி டைட் வைக்கலாம். அவசரத்துல நெறைய எடத்துல இத விட்டுர்றாங்க, அப்புறம் பார்ட்ஸ் சரியில்லன்னு பழி போடறாங்க.

டைட் அளவு மாடலுக்கு மாடல் மாறும், டார்க் ரெஞ்ச்லதான் வைப்போம். சில வண்டியில அந்த போல்ட்டும் நட்டும் ஒரு தடவ கழட்டினா திரும்ப போடக்கூடாதுன்னு சர்வீஸ் மேனுவல்லயே போட்டிருப்பாங்க, அதனால ஆர்ம் வாங்கும்போதே போல்ட் செட்டையும் சேத்து கேட்டு வாங்கிருங்க. அலைன்மென்ட் அடுத்த நாள் காட்டேரி பக்கம் ஒரு ஓட்டம் ஓட்டி ரப்பர் ஒக்காந்ததுக்கு அப்புறம் வச்சுக்கலாம். வெள்ளிக்கிழமை காலைல வந்துருங்க, மழை வந்தா பிட்ல தண்ணி நிக்கும், அதுக்கு முன்னாடி முடிச்சிரலாம்.